மூணாவது இழை: டிரிப்ளக்ஸ் டிஎன்ஏ வச்சு ஜீனை அடக்கப் போற புதுசுங்களுக்கு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இந்த வேலையில டிசைன் பண்றது அரை நாள், அது நிஜமாவே போய் ஒட்டுச்சுன்னு நிரூபிக்கிறதுதான் உயிரை வாங்கும். எனக்குத் தெரிஞ்சு இதை ப்ராஜெக்டா எடுத்தவங்கள்ல பாதிப்பேரு, ஒட்டுச்சா இல்லையான்னு காட்டற ஜெல்லே போடாம நேரா செல்லுக்குள்ள ஊத்திட்டு, ஜீன் எக்ஸ்பிரஷன் குறைஞ்சுடுச்சுன்னு சந்தோஷப்பட்டு, அப்புறம் வைவாவுல ஒரே ஒரு கேள்வியில சரிஞ்சவங்க. ஆத்தூர்லருந்து தினமும் பஸ்ல சேலம் வந்து எம்எஸ்சி படிக்கிற ஒரு பொண்ணு, போன மாசம் "அண்ணா, டிஎஃப்ஓ பத்தி எங்க ஆரம்பிக்கிறதுன்னே புரியலண்ணா"ன்னு வந்து நின்னுச்சு, அதுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதறேன். டிஎஃப்ஓன்னா டிரிப்ளக்ஸ் ஃபார்மிங் ஆலிகோநியூக்ளியோடைடு, அதாவது டிஎன்ஏ மேல மூணாவதா ஒட்டற சின்ன இழை (ஆலிகோன்னாலே சின்ன இழைதான்), இனிமே டிஎஃப்ஓன்னே சொல்றேன், வாய் வலிக்குது.

கூகுள்ல ட்ரிபிள் ஹெலிக்ஸ்னு போட்டா வேற ரெண்டு சமாச்சாரம் வந்து குழப்பும், அதை முதல்ல ஒதுக்கிடுங்க. ஒண்ணு கொலாஜன் புரதம், அது நம்ம ஜி.என். ராமச்சந்திரன் 1954ல மெட்ராஸ்ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து சொன்னது, பெருமையான விஷயம்தான் ஆனா இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இன்னொண்ணு 1953 பிப்ரவரியில லைனஸ் பாலிங் டிஎன்ஏவுக்கே மூணு இழைன்னு போட்ட மாடல், அது தப்புன்னு ரெண்டே மாசத்துல வாட்சன் கிரிக் பேப்பர் வந்துடுச்சு. நாம பேசறது, சரியா இருக்கற ரெண்டு இழை டிஎன்ஏ மேல வெளியிலருந்து மூணாவதா ஒரு சின்ன இழை வந்து படியறது. 1957ல ஃபெல்சன்ஃபெல்டு, டேவிஸ், ரிச் மூணு பேரும் ஆர்என்ஏவுல, பாலி ஏ ஒரு பங்கு பாலி யு ரெண்டு பங்கு கலந்து, கூட மெக்னீசியம் போட்டா மூணு இழை சேருதுன்னு காட்டினாங்க. அந்த மெக்னீசியத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி அதாலதான் எனக்கு அடி விழுந்துச்சு.

எப்படி ஒட்டுது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மரத்து மேல மிளகுக் கொடி ஏத்தி விட்டிருப்பாங்க, எல்லாரும் பாத்திருப்பீங்க. கொடி மரத்தைப் பிளக்கிறதில்ல, பட்டையில எங்க பிடி கிடைக்குதோ அங்க வேரை ஊனிட்டு மேல ஏறிக்கும். டிஎஃப்ஓவும் அப்படித்தான், டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் பிரிக்காம மேஜர் குரூவ்னு சொல்ற அகலமான பள்ளத்துல படுத்துக்கும். பிடி எங்க கிடைக்குதுன்னா டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஏ, ஜி ரெண்டுலயும், அதாவது பியூரின்ல. அதுங்க வாட்சன் கிரிக் ஜோடி போட்ட பிறகும் பள்ளத்துப் பக்கம் பாத்தபடி ஹைட்ரஜன் பாண்டு போட இடம் மிச்சம் வச்சிருக்கும், பிரிமிடின்னு சொல்ற சி, டி ரெண்டும் அப்படி உருப்படியா எதுவும் மிச்சம் வைக்கிறதில்ல. அந்த மிச்ச இடத்துல போடற பிணைப்புக்குப் பேரு ஹூக்ஸ்டீன் பிணைப்பு, 1959ல கிரிஸ்டல்ல பாத்தவர் பேரு. அதனாலதான் டிஎஃப்ஓவை எங்க வேணா ஒட்ட முடியாது, ஒரே இழையில ஏவும் ஜியும் மட்டுமே தொடர்ந்து ஓடற இடம் வேணும். இந்த ஒரு கட்டுப்பாடு இந்தத் துறையவே 35 வருஷத்துக்கு மேல கட்டிப் போட்டு வச்சிருக்கு.

1987ல அமெரிக்காவுல மோசர், டெர்வன் ஒரு பக்கம், பாரிஸ்ல எலேன் குழு இன்னொரு பக்கம், ஆலிகோ போய் குறிப்பிட்ட வரிசையை மட்டும் தேடிப் பிடிக்குதுன்னு காட்டினாங்க, அடுத்த வருஷமே, 1988ல, ஹோகன் குழு சி மிக்ங்கற கேன்சர் ஜீனோட புரோமோட்டர்ல, அதாவது ஜீனை ஓட வைக்கிற முன்பகுதியில ஒட்டி, டெஸ்ட் ட்யூபுல டிரான்ஸ்கிரிப்ஷனை (ஜீன்லருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கறதை) குறைச்சுக் காட்டினாங்க. அப்ப எல்லாருக்கும் ஒரே பரபரப்பு, ஏன்னா ஆன்டிசென்ஸ்னு எதிர் இழை ஒண்ணை வச்சு, ஜீன்லருந்து வர்ற எம்ஆர்என்ஏ நகலைப் பிடிக்கிறதுன்னா குழாயிலருந்து கொட்டற தண்ணியை ஒவ்வொரு குடமா பிடிக்கிற மாதிரி, இது குழாயவே திருகி மூடற மாதிரி, செல்லுக்கு ரெண்டே காப்பி ஜீன்தானே, அதைப் பிடிச்சா போதும்ல. கணக்கு அழகாத்தான் இருந்துச்சு.

முதல் வேலை: இடம் தேடறது

உங்க ஜீனோட டிரான்ஸ்கிரிப்ஷன் ஆரம்பிக்கிற இடத்துலருந்து பின்னாடி (அப்ஸ்ட்ரீம்) 1000 பேஸ், முன்னாடி ஒரு 200 பேஸ் எடுத்துக்கோங்க, என்சிபிஐ இல்லன்னா யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் எதுல வேணா எடுக்கலாம். டிரிப்ளக்சேட்டர்னு ஒரு புரோகிராம் இருக்கு, அது தேடிக் கொடுத்துடும். ஆனா முதல் தடவை கையால பண்ணுங்கன்னுதான் நான் சொல்லுவேன். நான் நாலு ரோடு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில மொத்த வரிசையையும் பிரிண்ட் எடுத்து, ஏவும் ஜியும் வர்ற இடத்தையெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர்ல தேச்சேன், தேச்சு முடிச்சுத் தள்ளி வச்சுப் பாத்தா அம்மாப்பேட்டைத் தறியில சரிகை ஓடற மாதிரி அங்கங்க நீளமா மஞ்சக் கோடு தெரியும், அதுதான் உங்க இடம். மஞ்சள் அடிக்காம வெள்ளையாவே நீளமா ஓடற இடத்தையும் விட்டுடாதீங்க, அங்க எதிர் இழையில பியூரின் ஓடுது, அதுவும் செல்லும்.

எவ்வளவு நீளம்னா 15க்குக் கீழ வேண்டாம், 20 பக்கம் கிடைச்சா அதிர்ஷ்டம். 4ஐ 16 தடவை பெருக்கினா சுமார் 429 கோடி வருது, மனுஷ ஜீனோம் சுமார் 310 கோடி பேஸ், அதனால 16, 17 எழுத்து இருந்தா தற்செயலா இன்னொரு இடத்துல வர வாய்ப்பு கம்மின்னு புத்தகக் கணக்கு. ஆனா அந்தக் கணக்கு நாலு எழுத்தும் சமமா கலந்து வர்றதா நினைச்சுப் போட்டது, நிஜத்துல இந்த மாதிரி பியூரின் ஓட்டம் புரோமோட்டர் பக்கங்கள்ல எதிர்பாக்கறதை விட அதிகமாவே இருக்கு, அதனால அந்த வரிசை வேற எங்கெல்லாம் இருக்குன்னு பிளாஸ்ட் தேடல் போட்டுப் பாக்காம ஆர்டர் பண்ணாதீங்க.

நடுவுல ஒரே ஒரு சியோ டியோ வந்து கெடுக்கும், கண்டிப்பா வரும், கெடுக்கறதுக்குன்னே வரும். ஓரத்துல வந்தா அதை வெட்டிட்டு மிச்சத்தை எடுத்துக்கோங்க. நடுவுல வந்தா பிரிமிடின் வகை டிஎஃப்ஓவுல ஒரு சமாளிப்பு இருக்கு, பியூரின் இழையில டி குறுக்கிட்டா எதிர்ல ஜி போடுங்க, சி குறுக்கிட்டா டி போடுங்க, பிடிப்பு குறையும் ஆனா முழுசா விடாது. ரெண்டு குறுக்கீடு இருந்தா அந்த இடத்தையே விட்டுட்டு அடுத்த மஞ்சக் கோட்டுக்குப் போறது புத்திசாலித்தனம்.

இடம் எங்க இருக்குங்கறதும் முக்கியம். டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு சொல்ற, ஜீனை ஆன் ஆஃப் பண்ற புரதம் ஒண்ணு வந்து உக்கார்ற இடத்து மேலயோ ஒட்டினாப்லயோ இருந்தா நல்லது, ஏன்னா நீங்க பண்றது அந்தச் சீட்ல துண்டு போட்டு வைக்கிற வேலை. 1992ல எலேன் குழு இன்டர்லூக்கின் 2 ரிசெப்டர் ஆல்ஃபா ஜீன்ல என்எஃப் கப்பா பிங்கற ஃபேக்டர் உக்கார்ற இடத்தை இப்படித்தான் மறிச்சாங்க, அதுவும் டிஎஃப்ஓ வாலுல டிஎன்ஏக்குள்ள செருகிக்கிற ஒரு மூலக்கூறை மாட்டி. ஜீனுக்கு நடுவுல போய் ஒட்டினா ஆர்என்ஏ பாலிமரேஸ் வர்ற வேகத்துல பெரும்பாலும் இதைத் தள்ளிட்டுப் போயிடும், ஓடற லாரிக்குக் குறுக்க கயிறு கட்டின மாதிரிதான். அப்புறம் நியூக்ளியோசோம்னு சொல்ற புரத உருண்டை மேல சுத்தி இருக்கற டிஎன்ஏவுல டிஎஃப்ஓவுக்குப் பிடி கிடைக்கிறது கஷ்டம், அதனால உங்க செல் வகையில டிஎன்ஏஸ் எளிதா வெட்டற திறந்த பகுதியா அதுன்னு பிரவுசர்லயே பாத்துடுங்க.

எந்த வகை, எந்தத் திசை

இங்கதான் அதிகம் பேர் வழுக்கி விழறாங்க, மெதுவா படிங்க.

பிரிமிடின் வகைன்னு ஒண்ணு: ஏக்கு எதிர்ல டி, ஜிக்கு எதிர்ல சி, பியூரின் இழை எந்தத் திசையில ஓடுதோ அதே திசையில டிஎஃப்ஓவும் ஓடும். பியூரின் வகைன்னு இன்னொண்ணு: ஏக்கு ஏ, ஜிக்கு ஜி, எதிர்த் திசையில ஓடும். உதாரணத்துக்கு உங்க பியூரின் இழை 5 பிரைம்லருந்து 3 பிரைமுக்கு ஏ-ஜி-ஏ-ஏ-ஜி-ஜி-ஏ-ஜின்னு வச்சுக்கோங்க, பிரிமிடின் வகை டிஎஃப்ஓ 5 பிரைம்லருந்து டி-சி-டி-டி-சி-சி-டி-சி, பியூரின் வகை டிஎஃப்ஓ 5 பிரைம்லருந்து ஜி-ஏ-ஜி-ஜி-ஏ-ஏ-ஜி-ஏ. ரெண்டாவதைத் திருப்பிப் போட்டிருக்கேன் பாருங்க. பிசிஆர் பிரைமர் டிசைன் பண்ணிப் பழகின கை, பிரிமிடின் வகையையும் ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட் போட்டு ஆர்டர் பண்ணிடும், வந்து சேந்த பிறகு அது எதுலயும் ஒட்டாது, காசு போச்சு. பேப்பர்ல ரெண்டு இழையையும் எழுதி, அம்புக்குறி போட்டு, மூணாவதை மேல எழுதிப் பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க. ஜியும் டியும் மட்டும் வச்சு மூணாவதா ஒரு வகையும் இருக்கு, அது வரிசையைப் பொறுத்து ரெண்டு திசையிலயும் போகும், முதல் தடவைக்கு வேண்டாம்.

ரெண்டுல எதை எடுக்கறதுன்னா, உங்க இடத்துல ஏ அதிகமா இருந்தா பிரிமிடின் வகை, ஜி அதிகமா இருந்தா பியூரின் வகை. காரணம் இருக்கு. பிரிமிடின் வகையில சி போய் ஜியைப் பிடிக்கணும்னா அதுக்கு ஒரு புரோட்டான் ஏறி பாசிட்டிவ் சார்ஜ் ஆகணும், அதுக்கு அமிலத்தன்மை வேணும், பிஹெச் 5.5, 6ல அழகா ஒட்டும், 7 தாண்டினா கழண்டுக்கும். செல்லுக்குள்ள 7.2 பக்கம், அப்ப என்ன பண்றது? சிக்குப் பதிலா 5 மெத்தில் சைட்டோசின் போட்டு ஆர்டர் பண்ணுங்க, கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். வரிசையா நாலஞ்சு சி வந்தா பாசிட்டிவும் பாசிட்டிவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து முட்டிக்கும், அதனாலதான் ஜி நிறைய இருக்கற இடத்துக்கு இது ஆகாது. பியூரின் வகைக்கு பிஹெச் தொந்தரவு இல்ல, ஆனா அதுக்கு வேற வியாதி: ஜி வரிசையா இருந்தா அது தனக்குத் தானே சுருண்டு ஜி குவாட்ரப்ளெக்ஸ்னு ஒரு முடிச்சா ஆயிடும், பொட்டாசியம் இருந்தா அந்த முடிச்சு இறுகிடும், செல்லுக்குள்ள பொட்டாசியம் 140 மில்லிமோலார் பக்கம் இருக்கு. ஆக ரெண்டு வகையும் டெஸ்ட் ட்யூபுல சுகமா இருக்கும், செல்லுக்குள்ள போனா ஒண்ணுக்கு பிஹெச் ஒத்துக்காது, இன்னொண்ணுக்கு உப்பு ஒத்துக்காது.

ஆர்டர் பண்றதும் கரைக்கிறதும்

பிரைமர் மாதிரி சாதா சுத்திகரிப்புல வாங்காதீங்க, ஹெச்பிஎல்சி இல்லன்னா பேஜ் சுத்திகரிப்பு கேளுங்க, பாதியில நின்ன துண்டுங்க கலந்திருந்தா ஜெல்லுல பேண்டு இழுவிக்கிட்டு வரும். டிஎஃப்ஓ ஒண்ணு, டார்கெட் டூப்ளக்ஸுக்கு (டிஎஃப்ஓ ஒட்ட வேண்டிய ரெட்டை இழைக்கு) 35, 40 பேஸ் நீளத்துல ரெண்டு இழை, அதுல ஒரு இழை நுனியில மட்டும் ஃப்ளோரசன்ட் லேபிள், அப்புறம் கன்ட்ரோல் ஆலிகோ, டார்கெட்டை மூணு நாலு இடத்துல மாத்தின டூப்ளக்ஸ். கன்ட்ரோலை அப்புறம் வாங்கிக்கலாம்னு தள்ளிப் போடறவங்க கடைசி வரைக்கும் வாங்கறதில்ல, ஒண்ணா ஆர்டர் பண்ணுங்க.

வந்த பவுடரை டிஇ பஃபர்ல கரைக்காதீங்க. எல்லா லேபுலயும் கை தானா டிஇ பாட்டிலுக்குத்தான் போகும், அதுல 1 மில்லிமோலார் ஈடிடிஏ இருக்கு, அது மெக்னீசியத்தை விழுங்கிடும். சுத்தத் தண்ணி இல்லன்னா ஈடிடிஏ போடாத டிரிஸ், அவ்வளவுதான்.

ஜெல்

இப்ப என் கதை. நான் முதன்முதலா இதைப் பண்ணப்ப மூணு வாரம், தினமும் ஒரு ஜெல், டூப்ளக்ஸ் பேண்டு அப்படியே ஆணி அடிச்ச மாதிரி நிக்குது, மேல ஒண்ணுமே இல்ல. டிஎஃப்ஓவைப் பத்து மடங்கு ஏத்தினேன், ராத்திரி முழுக்க வச்சேன், பிஹெச் மாத்தினேன், சாமி கும்பிட்டேன். டியூபுல 10 மில்லிமோலார் மெக்னீசியம் சரியாத்தான் போட்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் கேன்ல ஒட்டியிருந்த லேபிளை முழுசாப் படிச்சப்பதான் உறைச்சுது, நான் ஓட்டறது டிபிஇ பஃபர்ல, பேர்லயே கடைசி எழுத்து ஈடிடிஏதான், 2 மில்லிமோலார். அது போதாதுன்னு லோடிங் டையிலயும் ஈடிடிஏ. டியூபுல ஒழுங்கா ஒட்டின மூணாவது இழை ஜெல்லுக்குள்ள போனதும் கழண்டு போயிருக்கு. இன்னொரு விஷயமும் இருக்கு, மெக்னீசியம் பாசிட்டிவ், டிஎன்ஏ நெகட்டிவ், கரண்ட் போட்டதும் ரெண்டும் எதிரெதிர் பக்கம் ஓடும், அதனால சாம்பிள்ல மட்டும் மெக்னீசியம் போட்டா பத்தாது, ஜெல்லுலயும் டேங்க் பஃபர்லயும் 10 மில்லிமோலார் இருக்கணும். டிரிஸ், போரிக் ஆசிட், மெக்னீசியம் குளோரைடு, டிபிஎம்னு சொல்லுவாங்க. இந்த ஒரு வரியை யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா என் மூணு வாரம் மிச்சம்.

செய்யறது இப்படி. ரெண்டு இழையையும் கலந்து 95 டிகிரிக்குச் சூடு பண்ணி, ஹீட் பிளாக்கை ஆஃப் பண்ணிட்டு அப்படியே அதுலயே ஆற விட்டு டூப்ளக்ஸ் ஆக்குங்க. டூப்ளக்ஸ் எல்லா டியூப்லயும் ஒரே அளவு, 1 நானோமோலார் மாதிரி கம்மியா, ஆனா உங்க இமேஜர் கண்ணுக்குத் தெரியற அளவு. டிஎஃப்ஓ மட்டும் ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சு 1, 3, 10, 30, 100, 300, 1000 நானோமோலார்னு ஏத்திக்கிட்டே போங்க. பிரிமிடின் வகைன்னா பிஹெச் 6லருந்து ஆரம்பிச்சு, ஒட்டறது தெரிஞ்ச பிறகு 7க்கு ஏத்திப் பாருங்க, ஜெல்லும் டேங்க்கும் அதே பிஹெச்ல இருக்கணும், அதனால அப்ப போரேட் பஃபரை விட்டுட்டு டிரிஸ் அசிட்டேட் கலந்துக்கோங்க. பியூரின் வகைன்னா பொட்டாசியம் எதுலயும் கலக்கக் கூடாது, டிஎஃப்ஓவை வெறும் தண்ணியில சூடு காட்டிட்டுச் சேருங்க, முடிச்சு இருந்தா அவுந்துக்கும். எல்லாத்தையும் 37 டிகிரியில ராத்திரி முழுக்க விடுங்க, அவசரப்படாதீங்க, ரெண்டு இழை சேர்ற வேகத்தோட பாத்தா மூணாவது இழை ஏறறது ஆயிரம் மடங்கு மாதிரி மெதுவு, ஆனா ஒரு தடவை சரியா உக்காந்துட்டா லேசுல எழுந்திருக்காது.

12 இல்லன்னா 15 சதவீத அக்ரிலமைடு ஜெல், யூரியா கூடாது. லோடிங்குக்கு வெறும் கிளிசரால், நீலச் சாயத்தைப் பக்கத்துக் காலி லேன்ல மட்டும் விட்டுக்கோங்க. கம்மி வோல்டேஜ்ல, கோல்டு ரூம்ல ஓட்டுங்க, அது இல்லன்னா டேங்கைச் சுத்தி ஐஸ் வைங்க, சேலத்துச் சித்திரை வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல டேங்க் கொதிச்சா டிரிப்ளக்ஸ் மட்டுமில்ல நீங்களும் உருகிடுவீங்க. கரண்ட் போனா பத்து நிமிஷம் பாக்கலாம், அதுக்கு மேல போனா அந்த ஜெல்லை மறந்துடுங்க, பேண்டு பரவிடும். ஜெல்லா உறையாத அக்ரிலமைடு நரம்புக்கு விஷம், கையுறை போடாம யாராச்சும் ஊத்தினா திட்டுங்க, சீனியரா இருந்தாலும் பரவால்ல.

டிரிப்ளக்ஸ் டூப்ளக்ஸை விட மெதுவா ஓடும், அதனால மேல புதுசா ஒரு பேண்டு வந்து, டிஎஃப்ஓ ஏற ஏற கீழ் பேண்டு தேஞ்சு மேல் பேண்டு தடிக்கும். பாதிக்குப் பாதி எந்த அளவுல வருதோ அதுதான் உங்க பிடிப்போட அளவு. என் கட்சி என்னன்னா 1000 நானோமோலார்லயும் பாதி ஏறலன்னா அந்த டிஎஃப்ஓவைத் தூக்கிப் போட்டுட்டு வேற இடம் தேடுங்க, செல்லுக்குள்ள போனா நிலைமை இதைவிட மோசமாத்தான் இருக்கும், நல்லா ஆகாது.

ஜெல் ஒண்ணே சாட்சி ஆகாது, கூட இன்னொண்ணு வேணும். டிஎன்ஏஸ் ஃபுட்பிரிண்டிங் பண்ண வசதி இருந்தா அதுதான் ராஜா, எந்த எழுத்துலருந்து எந்த எழுத்து வரைக்கும் மூடியிருக்குன்னே காட்டிடும். இல்லன்னா உங்க இடத்தை ஒட்டி ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் வெட்டற வரிசை இருக்கான்னு பாருங்க, டிரிப்ளக்ஸ் இருந்தா வெட்டு விழாது, சாதா அகரோஸ் ஜெல்லுலயே தெரிஞ்சுடும், செலவும் கம்மி. யூவி மெஷின்ல சூடு ஏத்தற வசதி இருந்தா 260 நானோமீட்டர்ல மெல்டிங் பாக்கலாம், ஒரு ஏத்தத்துக்குப் பதிலா ரெண்டு ஏத்தம் வரும், முதல்ல மூணாவது இழை கழண்டுக்கும், அப்புறம் டூப்ளக்ஸ் பிரியும்.

செல்லுக்குப் போறதுக்கு முன்னாடி

நேரா செல்லுக்குத் தாவாம நடுவுல ஒரு படி வைங்க. உங்க புரோமோட்டரை லூசிஃபரேஸ் பிளாஸ்மிடுல (ஜீன் ஓடினா வெளிச்சமா காட்டற வட்ட டிஎன்ஏ) போட்டு, இன்னொண்ணுல அதே புரோமோட்டரை டார்கெட் மட்டும் மாத்திப் போட்டு, ரெண்டையும் வச்சுப் பாருங்க. டிஎஃப்ஓவை பிளாஸ்மிடு கூட முன்னாடியே ஊற வச்சு ஒட்டிட்டு அனுப்பறது ஒண்ணு, தனித்தனியா அனுப்பறது இன்னொண்ணு. முன்னாடியே ஒட்டி அனுப்பினா குறையுது, தனியா அனுப்பினா குறையலன்னா, டிரிப்ளக்ஸ் அடக்குது ஆனா செல்லுக்குள்ள அது உருவாகறதில்லன்னு அர்த்தம். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதின ரிப்போர்ட் நிறையப் பாத்திருக்கேன்.

செல்லுக்கு அனுப்பற டிஎஃப்ஓ சாதா டிஎன்ஏவா இருந்தா சீரத்துல இருக்கற என்சைம் 3 பிரைம் நுனியிலருந்து கடிச்சுத் தின்னுடும், அந்த நுனியை அமைன் மாதிரி எதையாச்சும் போட்டு மூடி வாங்குங்க. பாஸ்போரோதயோயேட் முதுகெலும்பு பியூரின் வகைக்கு ஒத்துக்கும், பிரிமிடின் வகைக்குப் பிடிப்பைக் குறைச்சுடும். எல்என்ஏன்னு சொல்ற, சர்க்கரையைப் பூட்டி வச்ச எழுத்துங்களைப் போட்டா பிடிப்பு நல்லா ஏறும், ஆனா எல்லா எழுத்தையும் எல்என்ஏவா மாத்தினா விறைச்சுப் போய் டிரிப்ளக்ஸே ஆகாது, ரெண்டு மூணு எழுத்துக்கு ஒண்ணுன்னு தள்ளித் தள்ளி போடணும். நிறைய உப்புப் போட்டா ருசி கூடும்னு நினைக்கிற சமையல்காரர் கதைதான்.

சோரலன் மாட்டின டிஎஃப்ஓன்னு கேள்விப்படுவீங்க, 365 நானோமீட்டர் யூவி அடிச்சா டார்கெட்டோட நிரந்தரமா கோத்துக்கும். அடக்கறதுக்கு ஆசைப்பட்டு புதுசுங்க அதுல இறங்க வேண்டாம், செல் அதை ரிப்பேர் பண்ணப் போய் அந்த இடத்துல மியூட்டேஷன் விழும். கிளேசர் குழு 1993ல அதை வேணும்னே ஜீனை மாத்தறதுக்குப் பயன்படுத்தினாங்க, அது வேற வேலை.

எம்ஆர்என்ஏ அளக்கறதுக்கு ஆர்டி கியூபிசிஆர், 24 மணி நேரம், 48 மணி நேரம் ரெண்டுலயும். உங்க ஜீனோட எம்ஆர்என்ஏ எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்னு முன்னாடியே பாத்துடுங்க, ரெண்டு நாள் நிக்கற எம்ஆர்என்ஏன்னா நீங்க குழாயை மூடினாலும் தொட்டியில தண்ணி அப்படியேதான் இருக்கும், வேலை செய்யலன்னு தப்பா முடிவு பண்ணிடுவீங்க. சி மிக் எம்ஆர்என்ஏ அரை மணி நேரத்துலயே பாதி காலி ஆயிடும், அந்த ஜீனை எல்லாரும் சுத்திச் சுத்தி வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

வைவாவுல சரிச்ச கேள்வி என்னன்னு சொல்லலயே. ஜி நிறைய இருக்கற ஆலிகோவுக்கு எந்த ஜீனையும் தொடாமலே செல் வளர்ச்சியை நிறுத்தற பழக்கம் உண்டு, சுருண்டு போய் புரதங்களைப் பிடிச்சுக்கும், நியூக்ளியோலின்னு ஒரு புரதத்தைப் பிடிக்கிற ஜி ஆலிகோ ஒண்ணை மருந்தாவே சோதிச்சாங்க. அதனால "உன் ஜீன் குறைஞ்சது டிரிப்ளக்ஸாலயா, இல்ல செல்லே செத்துக்கிட்டு இருந்ததாலயா"ன்னு கேட்டா பதில் வேணும். சம்பந்தமில்லாத ரெண்டு மூணு ஜீன் அளந்திருக்கணும், அதே எழுத்துங்களைக் கலைச்சுப் போட்ட கன்ட்ரோல் இருக்கணும், திசை திருப்பின ஆலிகோ இருக்கணும், வெறும் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் ரியேஜன்ட் மட்டும் போட்ட செல் இருக்கணும், முக்கியமா டார்கெட் மாத்தின பிளாஸ்மிடுல எதுவும் குறையாம இருக்கணும். கடைசியா சொன்னது ஒண்ணு இருந்தா மத்தது கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தலை தப்பும்.

இவ்வளவு கஷ்டம்னா எதுக்குப் பண்ணணும்னு கேப்பீங்க, நியாயம்தான். ஒரு ஜீனை அடக்கணும், அவ்வளவுதான் நோக்கம்னா இதுக்கு வராதீங்க, எம்ஆர்என்ஏவை அழிக்கிற எஸ்ஐஆர்என்ஏ இருக்கு, 2013லருந்து வெட்டாத கேஸ் 9 வச்சுப் புரோமோட்டரை மறிக்கிற கிரிஸ்பர்ஐ இருக்கு, அதுக்கு பியூரின் ஓட்டமெல்லாம் தேவையில்ல. ஆன்டிசென்ஸ் மருந்து 1998லயே வந்துடுச்சு, டிஎஃப்ஓ எதுவும் மருந்துக்கடை அலமாரிக்கு வரல. ஆனா டிரிப்ளக்ஸ் இயற்கையிலயே செல்லுக்குள்ள நடக்குது, ஃபிரீட்ரைக் அட்டாக்ஸியாங்கற நரம்பு வியாதியில ஜிஏஏங்கற மூணு எழுத்து நூத்துக்கணக்குல திரும்பத் திரும்ப வந்து, அந்த இடம் தானே மடிஞ்சு மூணு இழை ஆகி ஃபிரடாக்ஸின் ஜீனை அடக்குதுன்னு சொல்றாங்க, நீளமான நான்கோடிங் ஆர்என்ஏக்கள் சிலது டிஎன்ஏ மேல இப்படியே படிஞ்சு ஜீனை ஆட்டி வைக்குது. அதையெல்லாம் ஆராயணும்னா மூணாவது இழையை ஒழுங்கா ஒட்டவும் ஜெல்லுல காட்டவும் தெரிஞ்சிருக்கணும். அந்தப் பக்கம் போறவங்களுக்கு இந்தக் கைப்பழக்கம் வீண் போகாது.

அந்த ஆத்தூர் பொண்ணு போன வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல ஜெல் போட்டோ அனுப்பிச்சு. பிரிமிடின் வகை, பிஹெச் 6. 30 நானோமோலார் லேன்லருந்து மேல பேண்டு, அழகா, சுத்தமா. "வந்துடுச்சுண்ணா"ன்னு பத்து எமோஜி. கடைசி லேன் என்னம்மான்னு கேட்டேன், கலைச்சுப் போட்ட கன்ட்ரோல், 1000 நானோமோலார்னுச்சு. அதுலயும் மேல லேசா ஒரு பேண்டு. கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம் வரிசையை அனுப்பச் சொல்லிப் பாத்தா விஷயம் புரிஞ்சுது, டிஎஃப்ஓவுல இருக்கறதே டி, சி ரெண்டு எழுத்துதான், கண்ணை மூடிட்டுக் கலைச்சா பாதி எழுத்து தற்செயலாவே சரியான இடத்துல வந்து விழுந்துடும், அதுவும் இந்தப் பொண்ணு போட்டதுல நடுவுல ஒம்பது எழுத்து வரிசையா அப்படியே பொருந்துது, பிஹெச் 6ல அவ்வளவு அளவுல அது பிடிக்கத்தான் செய்யும். கலைக்கும்போது டார்கெட் மேல எழுதிப் பாத்து, மூணு எழுத்துக்கு மேல தொடர்ந்து பொருந்தாத மாதிரி கையால மாத்தணும்னு சொல்லி, புது கன்ட்ரோலும் திசை திருப்பினது ஒண்ணும் அன்னைக்கு ராத்திரியே ஆர்டர் போட வச்சேன். அது வர்ற வரைக்கும் பிஹெச் 7ல அதே ஜெல்லை ஓட்டிப் பாக்கச் சொல்லியிருக்கேன், ஈடிடிஏ பாட்டிலை யார் கையும் எட்டாத மேல் தட்டுல ஏத்தி வச்சுட்டேன்னு சொல்லுச்சு.